விரத நாளில் ஒரு மீன்முள்

விமலேஸ்வரி தன் கணவனுக்குப் படையல் வைத்தது போன வருடம் புரட்டாதி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை. அப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கணவன் பிரதாபன் போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்து வட்டுவாகலில் பஸ் ஏறியபோது மகள் சுதாஜினிக்கு ஏழு மாதம். பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. மாதத்தில் ஒரு நாள் தாயும் மகளும் வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்குப் போய், காணாமற்போனவர்களின் வீட்டாரோடு வீதியோரம் இருந்துவிட்டு வருவார்கள். அவனுடைய படத்தைக் கையில் பிடித்திருப்பது எப்போதும் மகள்தான்.

அந்தப் புரட்டாதியில் விமலேஸ்வரி என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், மூண்டு நாளா இந்த மனுசன் கனவில வந்து சோறு கேக்குது. உயிரோட இருக்கிற ஆள் அப்பிடிக் கேக்குமோ? நீங்கள் உங்கட ரெண்டு பேருக்கும் படைக்கிறனீங்கள்தானே. எப்பிடி எண்டு சொல்லித் தாங்கோ."

என் கணவரையும் மகனையும் நானே குழி வெட்டிப் புதைத்தேன். அதனால் எனக்குப் படைக்க ஒரு திகதி இருக்கிறது. அவளுக்கு அது இல்லை. சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தாள். புரட்டாதிச் சனியில் விரதம் பிடிக்கிற வீடுகளில் காகத்துக்குச் சோறு வைப்பார்கள். மகள் கேட்டால் சனி விரதம் என்று சொல்லிவிடலாம். மகள் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து, அவனுக்குப் பிடித்த விரால்மீன் குழம்பு வைத்துப் படைத்தாள்.

"சோதினை முடியுமட்டும் பிள்ளைக்குத் தெரியக்கூடாது ரீச்சர். தேப்பன் வருவார் எண்டுதான் அவள் படிக்கிறாள்."

நான் ஓம் என்றேன்.

என்னுடைய பிழை அதற்குப் பிறகு வந்தது. பதினோராம் தரத்துக்குத் தமிழ் படிப்பிக்கிறேன்; சுதாஜினியும் அந்த வகுப்பில்தான். கதையில் சொல்லாமல் விட்டதை உய்த்தறிந்து எழுதச் சொன்னால் என் பிள்ளைகள் சொன்னதையே திரும்ப எழுதிவைப்பார்கள். பாடப்புத்தகக் கதைகளுக்கு விடை பாடமாக்கிவிட்டார்கள். புதிதாக ஒன்று வேண்டும் என்று ஒரு பக்கத்தில் நானே எழுதினேன். ஆள் தெரியாமலிருக்க மகளை மகன் ஆக்கினேன். தகப்பனைக் கடலுக்குப் போய்த் திரும்பாதவன் ஆக்கினேன். விரதத்தையும் மீனையும் மாற்றவில்லை. மாற்றினால் கதையில் ஒன்றும் மிஞ்சாது. கிணற்றடியில் ஒரு மீன்முள் கிடந்ததாக நானாகச் சேர்த்தேன். எழுதும்போது, பல வருடங்களுக்குப் பிறகு, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வகுப்பில் வாசித்துவிட்டு, "தாயின்ர மனதில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

நிரோஜன் எழும்பினான். "மனுசி ஒளிச்சு மீன் திண்டிட்டு விரதம் எண்டு விடுறா ரீச்சர். எங்கட மாமியும் உப்பிடித்தான்."

வகுப்பே சிரித்தது.

"போடா விசரா," என்றாள் ஜெயரூபி. "பூனை எங்கயாவது இருந்து இழுத்துக்கொண்டு வந்திருக்கும்."

"எழுதின ஆள் அந்த முள்ளைச் சும்மா போடேல்லை. விரத நாளில மீன் ஆருக்குச் சமைக்கிறது? யோசியுங்கோ," என்றேன்.

எப்போதும் முதலில் கை உயர்த்துகிற சுதாஜினி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை உயர்த்தாமலே எழும்பினாள்.

"செத்த ஆளுக்கு, ரீச்சர்."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சரியான விடை வந்தால் அடுத்த கேள்வி தானாக வாயில் வந்துவிடுகிறது.

"அப்ப, சனி விரதம் எண்டது?"

"மகனுக்குச் சொன்ன பொய். அப்பா இனி வரமாட்டார் எண்டு தாய் முடிவெடுத்திட்டா."

"அடி சக்கை! இவளுக்கு 'ஏ' சித்திதான்," என்றான் நிரோஜன்.

அவள் உட்காரும்போது மெதுவாகச் சொன்னாள்: "நானும் பூனை எண்டுதான் நினைச்சனான்."

அவள் முன்வாங்கில் இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது. நான் கற்பனையில் போட்ட முள், அவர்களுடைய கிணற்றடியில் உண்மையாகவே கிடந்திருக்கிறது.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் நின்றாள். அழவில்லை.

"அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ ரீச்சர். நான் நம்பிக்கொண்டு இருக்கிறன் எண்டுதான் அவா எழும்பித் திரியிறா. எனக்குத் தெரியும் எண்டால் படுத்திடுவா."

அவளுக்கும் நான் ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எதற்கு என்று அவள் கேட்டால், தாய் என்னிடம் வந்ததைச் சொல்ல வேண்டி வரும்.

அடுத்த மாதம் இருவரையும் பஸ் தரிப்பில் கண்டேன். மகள் கொஞ்சம் தள்ளி, படத்தை ஒரு துணிப் பையில் வைத்துப் பிடித்தபடி நின்றாள். விமலேஸ்வரி என் காதடியில் வந்தாள்.

"இனிப் போறதில்லை எண்டுதான் இருந்தனான் ரீச்சர். இவள் விடியவே படத்தைத் துடைச்சு வைச்சிட்டு, வெளிக்கிடுங்கோ அம்மா எண்டு நிக்கிறாள். இந்தப் பிள்ளையின்ர நம்பிக்கையை நான் எப்பிடி உடைக்கிறது? சோதினை முடியச் சொல்லுவம்."

அவளுடைய தோளுக்கு மேலால் சுதாஜினி என்னைப் பார்த்தாள். பஸ் வந்தது. ஏறிப் போனார்கள்.

சோதனை முடிந்தது. பெறுபேறும் வந்தது. விமலேஸ்வரி சொல்லவில்லை. சுதாஜினியும் சொல்லவில்லை. இந்த மாதமும் இருவரும் முதல் பஸ்ஸில் போனார்கள்.