தூணில் கட்டிய மஞ்சள் துணி

“மாரி, அவுத்துடு. ஆபீசர் வர நேரம், நான் சொல்றேனோல்லியோ...”

“கெட்டும்போது நல்லா இருந்துச்சி, இப்ப மட்டும்...”

“நானா கட்டச் சொன்னேன்? நீதான் பழைய தலகாணி உறையை மஞ்சத் தண்ணியிலே முக்கிண்டு வந்து...”

“குங்குமம் ஆரு வீட்டு டப்பாவுல வந்துச்சி மாமி?”

சுப்புலக்ஷ்மி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

குங்குமம் அவள் வீட்டுடையதுதான். போன மாதம் ஒரு காலை, பங்களா வராந்தாவில் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே செய்த காரியம். மும்பையின் செம்பூர் காடாகக் கிடந்த நாளில் யாரோ ஒரு பார்சி வியாபாரி ஓய்வுக்கு வந்து தங்கக் கட்டிய வீடு அது. போகிறபோது சுற்றியிருந்த தோப்போடு சேர்த்து ஊருக்கு விட்டுவிட்டுப் போனார். தோப்பு பூங்காவாயிற்று. காலையில் நடக்க வருகிறவர்கள், வெயில் ஏறியதும் வராந்தாவில் சீட்டுக் கட்டைப் பிரிக்கும் பென்ஷன்காரர்கள், சாயங்காலம் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கும் குழந்தைகள் என்று வீடு ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. பேங்க் வேலை ஓய்ந்ததிலிருந்து அதைக் காக்கிற கமிட்டிக்குச் சுப்புலக்ஷ்மிதான் காரியதரிசி. மாரிசெல்வி பூங்காவைப் பெருக்குகிறவள். தாராவியில் ஒற்றை அறை, கீழ்வீட்டில் விடிய விடிய தையல் மிஷின் ஓடும். மூத்த மகள் இந்த வராந்தாத் தரையில் உட்கார்ந்துதான் பத்தாவது தேறினாள். இப்போது இளையவள் பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கேதான் பையோடு வருகிறாள்.

பூங்காவை நடத்துகிறேன் என்று எடுத்துக்கொண்ட பில்டர் ஒருவன், வீட்டை இடித்துவிட்டு ஒரு கிளப்பும் கார் நிறுத்த இடமும் கட்டப் போகிறான் என்று தெரிந்த அன்றைக்கு, “தூண்ல ஒரு மஞ்சத்துணி கெட்டிட்டா எவன் தொடுவான் மாமி?” என்று மாரிசெல்விதான் கேட்டாள். சுப்புலக்ஷ்மி வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாளே இடிக்கிற இயந்திரம் வந்தது. ஓட்டி வந்தவன் தூணைப் பார்த்தான், எஞ்சினை அணைத்தான், கீழே இறங்கினான். “என் பேரு ஆஷிக், ஆன்ட்டி. தேவியை இடிச்சவன் ஆஷிக்னு நாளைக்கு எல்லார் மொபைல்லயும் வந்தா எங்க பஸ்தில இருக்கற குடிசைங்க என்ன ஆகும்?” என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். கமிட்டிக்காரர்கள் கை தட்டினார்கள். சுப்புலக்ஷ்மிக்கு அவன் முகம் வெளுத்திருந்ததுதான் கண்ணிலேயே நின்றது.

அப்புறம் தேவி தன்பாட்டுக்கு வளர்ந்தாள். எலுமிச்சை மாலை வந்தது, பச்சை வளையல் வந்தது, யாரோ தகரத்தில் ஒரு முகம் பதித்துவிட்டுப் போனார்கள். விளக்குப் புகை தேக்குத் தூணில் கருப்பாக ஏறியது. பூப்போட்ட தரைக்கற்களில் எண்ணெய் ஊறிவிட்டது. சீட்டாடுகிறவர்கள் முதலில் செருப்பை வெளியே விட்டார்கள், பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள். இளையவள் புத்தகம் விரிக்கிற மூலையில் இப்போது உண்டியல் என்று எழுதாத ஒரு டப்பா.

கமிட்டி கொடுத்த மனுவின் பேரில் இன்றைக்கு வருகிற அதிகாரி, இது பாதுகாக்க வேண்டிய பழைய வீடு என்று எழுதிவிட்டால் யாரும் தொட முடியாது.

“கோயில்னு ஒரு வரி எழுதிட்டார்னா போச்சு, மாரி. ஆக்கிரமிப்புன்னு நம்ம மனுவைத் தூக்கிப் போட்டுடுவா.”

“சரி, அவுத்துருதோம். அந்தாளு ஒண்ணும் எழுதாமப் போயிட்டா? சாயந்தரமே மிஷின் வரும். இந்தத் தடவ ஆஷிக்கு வர மாட்டான், வேற எவனாச்சும் வருவான்.”

“அவுக்க பயமா இருக்குன்னு சொல்லேன்.”

“பயந்தான். ஒங்களுக்கு இல்லைன்னா அவுத்துப் போடுங்க. வெறும் தலகாணி உறதான?”

சுப்புலக்ஷ்மி விறுவிறுவென்று தூணருகே போனாள். உறையின் ஓரத் தையல் மஞ்சளுக்கு அடியில் நன்றாகத் தெரிந்தது. எண்ணெய் குடித்து முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தை வைத்தாள். எலுமிச்சையும் திரியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. கொஞ்ச நாளாகவே இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போகிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

“முடிச்சு வர மாட்டேங்கறது.”

“முடிச்சு வரலியா, கை வரலியா மாமி?”

“வாயை மூடு. கத்திரிக்கோல் இருக்கா?”

“இருக்கு.”

மாரிசெல்வி நகரவில்லை.

வாசல் கதவு கிறீச்சிட்டது. அதிகாரி முன்னாலேயே வந்துவிட்டார். நடுவயது, தோளில் பை, கையில் அளவு நாடா. கூரையின் மரவேலையை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். குனிந்து தரைக்கல்லை விரலால் தேய்த்து, அடியில் பூ தெரிகிறதா என்று பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. வராந்தாவை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு தூணிடம் வந்தார். இரண்டு பெண்களும் தாங்களாகவே ஒதுங்கி வழி விட்டார்கள்.

அவர் பையை இறக்கி வைத்தார். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார், சாக்ஸை உருவி உள்ளே திணித்தார். வெறுங்காலோடு நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். சுப்புலக்ஷ்மி மாரிசெல்வியைப் பார்த்தாள். மாரிசெல்வி தரையைப் பார்த்தாள்.

அதிகாரி கண் திறந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக்கொண்டு, இருவர் பக்கமும் திரும்பி, மெதுவாக ஹிந்தியில் கேட்டார்:

“இது எந்த தேவி?”