ஏழாவது வரி

கல்லில் எழுத்து வெட்டுகிறவரை அந்தத் தெருவில் எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் கல் வேண்டுமென்றால் சாவதற்கு முன்பே சொல்லி வைத்துவிட வேண்டும் என்பது எதிர்க்கடைத் தையல்காரரின் கிண்டல். அன்றைக்கு அவருக்கே கை பரபரத்தது. நாலு மணிக்கு லாரி வரும். விடிந்தால் சுரங்கப்பாதை வாசலில் கல் நிற்க வேண்டும். தலைப்பையும் ஆறு பெயர்களையும் வெட்டி முடித்தாயிற்று. ஏழாவது பெயரைச் சிவப்புச் சாயத்தில் எழுதிக் காயவிட்டிருந்தார்.

வந்ததும் வராததுமாக வெல்டரின் மனைவி அந்தப் பெயரின் மேல்தான் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

“இதை மட்டும் வெட்டாதீங்கண்ணே.”

எட்டு மாதத்துக்கு முன் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்ததில் ஏழு பேர் சிக்கினார்கள். ஆறு உடல்கள் கிடைத்தன. குழாயைப் பற்றவைக்கப் போன அவள் புருஷன் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காதவனைச் செத்தவர்களோடு சேர்க்க நீங்கள் யார் என்று மாமனாரிடம் சண்டை, கொழுந்தனிடம் சண்டை. அவனுடைய போனை இன்னும் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறாளாம். ஒருநாள் அவன் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கொழுந்தனையே திருப்பிக் கேட்டாளாம்.

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கம்பெனி மேற்பார்வையாளர், நேரமாகிறது என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் கல்லின் தலைப்பில் இருந்தது.

“நினைவேந்தல்னா என்னண்ணே?”

கம்பெனி கொடுத்த தாளில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்றுதான் இருந்தது. மாற்றியவர் நிதானம். அஞ்சலி என்றால் இரண்டு கையையும் குவிப்பது, உயிரோடு எதிரில் வருகிற பெரியவர்களுக்கும் அந்தக் காலத்தில் அஞ்சலிதான் செய்தார்கள், சுவரொட்டியில் போட்டுப் போட்டு நாம்தான் அதைச் சாவு வார்த்தை ஆக்கிவிட்டோம் என்றார். அதனால்தான் இதைப் போட்டேன் என்றும் சொன்னார்.

“இது நம்ம காலத்துல சேர்த்துக் கோத்த வார்த்தை. நினைவை ஏந்துறது. ஏந்துறதுன்னா, கீழ விடாம கையில தாங்குறது.”

“எட்டு மாசமாத் தாங்கிக்கிட்டுத்தான் இருக்கேன். எப்ப இறக்கி வைக்கலாம்னு அந்த வார்த்தையில ஏதாவது இருக்கா?”

நிதானம் ஆயிரம் கல் வெட்டிய மனிதர். இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை.

அவள் கையை எடுத்தாள். சாயம் காயவில்லை. ஏழாவது வரி பாதி அவள் உள்ளங்கையில் இருந்தது, மீதி கல்லில் இழுகிக் கிடந்தது. மேற்பார்வையாளர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியது நிதானத்துக்கு நன்றாகவே தெரிந்தது.

“சரி விடுங்க, அழிஞ்சது அழிஞ்சதாவே இருக்கட்டும். ஆறு பேர்னே வெச்சுக்கலாம். அன்னைக்கு உள்ள போனவங்க பதிவேட்டுல இவர் கையெழுத்து இல்லைன்னு ஆபீஸ்லயும் ஒரு பேச்சு இருக்கு. பேரு இல்லேன்னா யாருக்கும் தொந்தரவு இல்ல பாருங்க.”

“உள்ள போகலேன்னா எங்க போனாராம்?”

வேலை பிடிக்காமல் சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஆட்களும் இருக்கிறார்களே என்று அவர் இழுத்தார்.

அவள் அழுதுவிடுவாள் என்று நிதானம் பயந்தார். அவள் அழவில்லை. தண்ணீர் உடைத்த அன்று காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக் கொடுத்து, சுரங்க வாசல் வரைக்கும் கூடவே போனவள் அவள்.

“வெட்டுங்கண்ணே.”

“தங்கச்சி, வெட்டினா வெட்டினதுதான். நாளைக்கு வந்து வேண்டாம்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

“தெரியும். யாரும் அரைச்சு எடுக்க முடியாத ஆழத்துக்கு வெட்டுங்க.”

மேற்பார்வையாளர் போனை எடுத்தார். மேலிடத்தில் கேட்காமல் உளி வைக்கக் கூடாது என்றார். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளில் ஏழு பெயர் இருக்கிறது, எனக்கு அந்தத் தாள்தான் கணக்கு என்று சொல்லிவிட்டு, நிதானம் ஈரத்துணியால் கல்லைத் துடைத்து அந்தப் பெயரை மறுபடி எழுதினார். மற்ற ஆறு பெயர்களுக்கு எதிரேயும் ஒரே தேதி, ஒரே ‘மறைந்தார்’. அங்கே வந்ததும் தூரிகை நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

“தேதி அதேதான். ‘உள்ளே சென்றார்’னு போடுங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. இவங்களுக்கும் தெரியாது.”

அவர் எழுதினார். விசிறியைக் கிட்டே இழுத்து வைத்துச் சாயத்தைக் காயவைத்தார். முதல் எழுத்தில் உளியைப் பதித்தபோது வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது.

“காத்திருக்கச் சொல்லுங்க சார்” என்றாள் அவள், மேற்பார்வையாளரிடம்.