சம்பத் கையெழுத்துப் போடாத தளம்

அரசாங்கம் தன் எஞ்சினியர்களையே நம்பாமல், கட்டட வேலைகளைக் கண்காணிக்கத் தனியார் கம்பெனிகளை அமர்த்திய காலம் அது. அப்படியொரு திருப்பதி கம்பெனி சம்பத்தைச் சத்தியவேடு பக்கம் அனுப்பியது. கட்டுகிறவன் காண்டிராக்டர், கட்டடம் அரசாங்கத்துடையது, நடுவில் அரசாங்கத்தின் கண்ணாக நிற்க வேண்டியவன் சம்பத். அனுப்பிய இடம் அவன் பிறந்த காலனி. கட்டுவது அந்தக் காலனியின் முதல் பள்ளிக்கூடம். சம்பத்துக்குத் தலைகால் புரியவில்லை.

மேல்தளம் போட ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அன்றைக்கென்று பார்த்துத் திருப்பதியில் மீட்டிங். "ஒரு மணிக்கு வந்துடுவேன், அதுவரைக்கும் ஆரம்பிக்காதீங்க" என்று காண்டிராக்டர் கோவர்த்தனனுக்குப் போன் செய்தான். பத்தரைக்கு ராகு காலம். அது முடிந்து தொடங்கினால் பொழுதுக்குள் வேலை முடியாது. கோவர்த்தனன் ஒன்பது மணிக்கே கற்பூரம் காட்டிவிட்டான். கலவைச் சட்டி தூக்கியது காலனிப் பெண்கள். நம்ம பிள்ளைகள் படிக்கப்போகிற இடம் என்று வயல் வேலையையும் ஃபேக்டரி வேலையையும் விட்டுவிட்டு வந்தவர்கள். கலவை கெட்டியாக இருக்கிறது, இழுக்க வரவில்லை என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கோவர்த்தனனுக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் சரி. தடுக்க வேண்டியவன் மீட்டிங்கில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவன் வந்து பார்த்தபோது தளம் கஞ்சி மாதிரி மினுமினுத்தது. இருபத்தெட்டு நாள் பொறுத்து, தளத்தில் துளை போட்டு எடுத்த துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பினான். இருபது வர வேண்டிய பலம் பதினொன்றுதான் வந்தது. 'உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும்' என்று சித்தூரிலிருந்த அரசாங்க ஆபீசுக்கு எழுதினான்.

கோவர்த்தனன் சண்டைக்கு வரவில்லை. காலனிக்குப் போய், "உங்க சம்பத்துதான் வேணான்றான்" என்று மட்டும் சொன்னான். அது போதாதா? உடைத்தால் பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்ற பேச்சும் பின்னாலேயே பரவியது.

அன்று சட்டி தூக்கியவர்களில் ஒருத்தியான கங்கம்மா நடுத்தெருவில் அவனை மடக்கினாள். "நாங்க கொட்டுன கலவ நல்லால்லன்னு எழுதிக்கீறியாமே. பேன்ட்டு போட்டுக்கினா எங்க கை நாறுதா உனக்கு?"

தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்று அவன் சொல்லச் சொல்ல, அவர்கள் உழைப்பைப் பழிப்பதாகவே அவர்களுக்குப் பட்டது.

பத்தாம் நாள் கம்பெனி அவனைப் பங்காருபாளையத்துக்கு மாற்றியது. புதிதாக வந்தவன் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். ஜூன் மாதம் மாவிலை கட்டித் திறந்தார்கள்.

"ரூபாவ அந்தப் பள்ளிக்கூடத்துல சேக்காதம்மா" என்று, அவள் அம்மாவான தன் தங்கை ஷோபாவிடம் கெஞ்சினான்.

"எல்லாரும் பாத்துக்கினே கீறாங்கண்ணா. எம் பொண்ணு மட்டும் போவலன்னா இங்க யாரு எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசுவா? நீ பஸ் ஏறிப் பூடுவ. நான்தானே இங்க இருக்கணும்."

அன்றிலிருந்து, தன் கணக்கு தப்பாகவே இருக்கட்டும் என்று சாமியிடம் வேண்டத் தொடங்கினான். படித்த படிப்புக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

ஐப்பசியில் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். பள்ளிக்கூட வாசலில் நின்று முதலில் மேலேதான் பார்த்தான். தளத்தின் நடுவே சுவரிலிருந்து சுவர்வரை ஒரு விரிசல். அதன் வழியாக நீர் சொட்டியது. கீழே ஒரு பக்கெட் வைத்து, அதைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தாள் டீச்சர்.

"ரூபாவக் கூட்டிக்கினு போறேன். வீட்ல அவங்கம்மாக்கு ஒடம்பு சரியில்ல" என்று பொய் சொன்னான்.

மற்ற முப்பத்தொரு பிள்ளைகளும் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள். எல்லாரும் வெளியே வாங்க என்ற வார்த்தை நாக்குவரை வந்தது. ஒருதரம் எழுதி அனுப்பிய வார்த்தைதான். மறுபடியும் காலனி திரளும், ஷோபாவின் வாசலில் போய் நிற்கும். அவன் விழுங்கிவிட்டான்.

குடைக்குள் வந்த ரூபா கேட்டாள்: "மத்த பசங்க வரலியா மாமா?"

"அவங்க அப்பறமா வருவாங்க" என்றான் சம்பத். குடையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தான்.