எல்போர்டு

மனிதர் முப்பத்தெட்டு வருஷம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதித்தவர். அவருக்கு ஒரு நாயைப் பழக்குவது பெரிய விஷயமா? மகன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றே அதற்கு 'எல்போர்டு' என்று பெயர் வைத்துவிட்டார்.

மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். மருமகளுக்கு ஏழாவது மாதம். "வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணாமப் பழக்கிட்டீங்கன்னா இருக்கட்டும் மாமா. இல்லன்னா வேணாம். குனிஞ்சு துடைக்கிற நிலைமையிலயா இருக்கேன்?" என்று அவள் கறாராகச் சொன்னதில் தப்பே இல்லை.

பாடம் ஆரம்பமானது. தூங்கி எழுந்ததும் வெளியே, சாப்பிட்டதும் வெளியே, தரையை முகர்ந்துகொண்டு வட்டம் போட்டால் ஓட்டமாக வெளியே. புல்லில் போனால் அந்த நிமிஷமே ஒரு துண்டு பிஸ்கட். உள்ளே போய்விட்டால் அடியும் கிடையாது, திட்டும் கிடையாது. கிளட்ச் தெரியாதவனைத் திட்டினால் அடுத்த தெருவில் பிரேக்கையும் மறப்பான் என்று அவருக்குத் தெரியாதா? பன்னிரண்டாம் நாள் எல்போர்டு தானாகவே போய்ப் பின்கதவைப் பிராண்டியது. மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி போன பிறகு அவர் வாய்விட்டுப் பேசியதெல்லாம் அதனிடம்தான். இனி அதை யாரும் அனுப்ப முடியாது என்று நினைத்தார்.

அடுத்த வாரம், மத்தியானம் படுத்துச் சாயங்காலம் எழுந்து பாத்ரூமுக்குப் போகும் வழியில் அவருக்கே அடக்க முடியாமல் போய்விட்டது. அறையிலிருந்து பாத்ரூமுக்கு எட்டடி. அந்த எட்டடி தாங்கவில்லை. பேன்ட்டை மாற்றிக்கொண்டு, தரையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தபோது மருமகள் வந்துவிட்டாள்.

"என்ன மாமா, வேலையைக் காட்டிடுச்சா?"

"ஆமாம்மா."

ஒரே வார்த்தை. சொன்ன பிறகு விழுங்க முடியவில்லை. வாரத்தில் இரண்டு, மூன்று தடவை இப்படி ஆனது. ஒவ்வொரு தடவையும் பழி நாய்க்குத்தான். டாக்டரிடம் போகலாம், போவதென்றால் மகனிடம் சொல்ல வேண்டும். மகனுடைய நண்பன் ஒருவன் இதே காரணத்துக்காகத் தன் அப்பாவை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டிருந்தான். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது, பயம் இன்னொரு பக்கம். மருமகள் பார்க்கிறாளே என்று நாயை ஈரத்தின் பக்கம் இழுத்து அதட்டவும் செய்தார். அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்ப் பின்கதவைப் பிராண்டும். பாஸான மாணவனை வேண்டுமென்றே ஃபெயிலாக்கிக்கொண்டிருந்தார், வேறென்ன.

ஒரு நாள் அந்த ஈரத்தில் மருமகளுக்குக் கால் வழுக்கிவிட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தாள். வயிற்றில் கை வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"போதும்பா, இது தேறாது," என்றான் மகன். "எங்க ஆபீஸ் வாட்ச்மேன் அவர் வீட்டுத் தோட்டத்துல கட்டிப்போட்டுக்கிறேங்கறார்."

"இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்டா."

"அவ விழுந்திருந்தா என்னப்பா ஆகியிருக்கும்?"

இப்போதாவது சொல்லித் தொலை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் கயிற்றோடு வந்தபோது எல்போர்டு பின்கதவைப் பிராண்டியது. கதவைத் திறந்துவிட்டார். புல்லில் போய்விட்டு உள்ளே வந்து, பிஸ்கட்டுக்காக அவர் காலடியில் உட்கார்ந்தது.

"பாருங்க, போற அன்னிக்குத்தான் இதுக்குப் புத்தி வருது," என்று மகன் சிரித்தான்.

புதன்கிழமை காலை, காபியைக் குடித்துக்கொண்டே அவன் சேதி சொன்னான். நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். வாட்ச்மேன் இரண்டு நாள் தேடினாராம், கிடைக்கவில்லையாம். "சரி விடுங்கப்பா," என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. இனி சொல்லி என்ன ஆகப்போகிறது, நாய் திரும்பி வரவா போகிறது? இருந்தாலும் இன்று சாயங்காலம் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினார். முதல் வாக்கியத்தைக்கூட மனப்பாடம் செய்துகொண்டார். அந்த அசதியில் படுத்தவர், கதவுச் சத்தம் கேட்டு அவசரமாக எழுந்தார். எட்டடியில் பாதிதான் கடக்க முடிந்தது.

மருமகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள். தரையைப் பார்த்தாள்.

"எல்போர்டுதாம்மா..." என்றார் அவர்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் கிடந்த துணியை எடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, அதைத் தரையில் போட்டாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஈரத்தோட நிக்காதீங்க மாமா," என்றாள். "போய் பேன்ட்டை மாத்திக்கங்க."