போறோம்

செவ்வாய், வெள்ளி மாலை நான்கு மணிக்கு டீச்சர் அந்த வீட்டுக்கு வருவாள். இரண்டாவது மாடி. பிளாஸ்டிக் விரிப்பு போட்ட சாப்பாட்டு மேசைதான் வகுப்பு. மாணவி அந்த வீட்டு மருமகள், வெளிநாட்டுக்காரி. கல்யாணமாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வகுப்புக்கு ஏற்பாடு செய்தவள் மாமியார். முப்பது வருஷம் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இலக்கணம் கிலக்கணம்னு அவளைப் படுத்தாதீங்க டீச்சர். என்கூட நாலு வார்த்தை பேசினா போதும்."

டீச்சர் தலையாட்டிவிட்டு இலக்கணத்தைத்தான் நடத்தினாள். வெறும் வார்த்தைகளை வைத்துக்கொண்டு பாதி வழியில் நின்றுபோன மாணவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

மருமகள் கெட்டிக்காரி. மூன்றே மாதத்தில் 'ழ' வந்துவிட்டது. "இங்கே பிறந்தவங்களுக்கே வரல, இவளுக்கு வருது" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டாள். வராதது 'நாங்க' ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் 'நாம'.

"அத்தை, நேத்து நாம சினிமா போனோம். ரொம்ப அழுதோம்."

"நான் எங்கடி வந்தேன்? இங்கே துணி மடிச்சிட்டு இருந்தேன். அழுதது உன் புருஷனா?" மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு மகனுக்கு மனைவியின் நாட்டில் வேலை கிடைத்தது. "மார்ச்ல போறோம்மா" என்றான். "நாம போறோம் அத்தை, அங்க ரொம்பக் குளிர்!" என்றாள் மருமகள். மாமியார் தனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். மருமகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் டீச்சரிடம் அதைப் பிரித்துக் காட்டினாள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. அங்கே போய் இறங்கும்போது இதைப் போட்டுக்கிட்டு நிக்கணும்."

விசா, டிக்கெட் எல்லாம் மகன் பார்த்துக்கொள்வான் என்றிருந்தாள். அவளுடைய பாஸ்போர்ட்கூட அவன் அலமாரியில்தான் இருந்தது. மார்ச்சோடு வீட்டைக் காலி செய்வதாகத் தன் பழைய தட்டச்சு இயந்திரத்தில் கடிதம் அடித்து வீட்டுக்காரரிடமும் கொடுத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் 'நாம்', 'நாங்கள்' பாடத்தை எடுத்தாள்.

"கேட்கிறவங்களையும் சேர்த்துக்கிட்டா 'நாம்'. அவங்களை விட்டுட்டா 'நாங்கள்'."

"என் பாஷையில ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். சேர்த்தேனா, விட்டேனான்னு சொல்லவே வேண்டாம்."

"இங்கே சொல்லித்தான் ஆகணும்."

சொந்தமாகப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னாள். மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தாள். ஐந்து சரி. ஆறாவது: 'அத்தை, நாங்கள் மார்ச் மாதம் போகிறோம்.' டீச்சரின் சிவப்புப் பேனா 'நாங்கள்' என்பதை அடித்து, மேலே 'நாம்' என்று எழுதியது.

"அத்தையும் வர்றாங்க இல்ல? அவங்களைச் சேர்த்துக்கணும்."

மருமகள் புருவத்தைச் சுருக்கினாள். "அத்தை வரலையே. நானும் அவரும் மட்டும்தான். அத்தைகிட்ட சொல்லியாச்சுன்னு சொன்னாரே."

டீச்சர் பேனாவை மூடினாள். நோட்டையும் மூடியிருக்கலாம். அதற்குள் மாமியார் காபித் தட்டோடு வந்துவிட்டாள். தட்டை வைத்துவிட்டு நோட்டை எடுத்து, கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

"இன்னுமா கண்ணு குழப்பம்? டீச்சர் 'நாம்'னு திருத்தியிருக்காங்க பாரு."

"இல்ல அத்தை. நான் சரியாத்தான் எழுதினேன். டீச்சர்தான் தப்பு." மருமகள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "சொல்லுங்க டீச்சர்."

இரண்டு பேரும் டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக அந்த மேசையில் எது சரி, எது தப்பு என்று அவள்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

"அவங்க எழுதினதுதான் சரிம்மா" என்றாள்.

மருமகள் கைதட்டினாள். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

மாமியார் நோட்டை மேசையில் வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து நேராக்கினாள். "கையெழுத்து நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டீச்சர் வாசலில் செருப்பு மாட்டும்போது மாமியார் ஒரு கார்பன் நகலோடு வந்தாள்.

"அவன் ஒரு தடவைகூட 'நாம'ன்னு சொல்லல டீச்சர். 'போறோம்'னு மட்டும்தான் சொன்னான். யார் போறாங்கன்னு நான் கேட்கல." குரல் சாதாரணமாகவே இருந்தது. "இவ சொல்ற 'நாம' தப்புன்னு எனக்குத் தெரியாதா? தினம் சிரிக்கிறவதானே. இந்த ஒண்ணு மட்டும் இவ சரியாச் சொல்றான்னு எடுத்துக்கிட்டேன்."

"மன்னிச்சிடுங்கம்மா. நான் அந்தப் பாடத்தை..."

"உங்க மேல என்ன இருக்கு?" நகலை நீட்டினாள். "'நாங்கள் காலி செய்கிறோம்'னு அடிச்சுக் குடுத்திருக்கேன். வீட்டுக்காரர் நேத்து யாரையோ கூட்டிட்டு வந்து வீட்டைக் காட்டிட்டுப் போனார். இதை எப்படி மாத்தி எழுதறது?"

டீச்சர் படித்துப் பார்த்தாள். ஒரு பிழை இல்லை. "'அவர்கள் செல்கிறார்கள். நான் மட்டும் இங்கேயே இருக்க விரும்புகிறேன்'னு எழுதலாம்."

"'மட்டும்' வேண்டாம். கெஞ்சற மாதிரி இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "'விரும்புகிறேன்' பொய்யில்லையா? 'இருக்கிறேன்' போதும்."

டீச்சர் படி இறங்கினாள். முதல் மாடியைத் தாண்டும்போது மேலே தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. ஒரு சொல் அளவுக்கு அடித்து நின்றது. அப்புறம் மருமகளின் குரல்.

"அத்தை, நாம பேசலாமா?"

இந்த முறை 'நாம' சரியாகத்தான் வந்திருந்தது. டீச்சர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். தட்டச்சு மறுபடி தொடங்கி, வரி முடிகிற மணி வரைக்கும் நிற்காமல் ஓடியது.