ரோலர் அண்ணனின் பத்து நாள் லீவு

எங்கள் சலவை ஆலையில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் பெரிய ரோலர் மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் முக்கலும் முனகலும் ஒரே ஒருவருக்குத்தான் புரியும். அவருக்கு ரோலர் அண்ணன் என்றே பெயர் விழுந்துவிட்டது. போன வருடம் அவர் அண்ணியோடு கடற்கரைக்குப் போயிருந்தபோது, பழைய மேனேஜர் ஒரே நாளில் ஏழு தடவை போன் போட்டார். ஏழாவது போனுக்கு அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். மூன்று மாதம் அண்ணி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தீங்க, அந்த மெஷினோடயே குடும்பம் நடத்திக்குங்க" என்று சொல்லிவிட்டாராம். சொன்னால் செய்கிற மனுஷி.

இந்த வருடம் புது மேனேஜர் மேடம் பத்து நாள் லீவுக்குக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு ஆபீஸ் போனிலிருந்து அண்ணனின் நம்பரை அழித்தார். "இருந்தா விரல் சும்மா இருக்காது" என்றார். துணி மடிக்கும் பிரிவில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டும் எனக்கு இது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு ரோலர் மூச்சை நிறுத்தியது. அன்று ஆஸ்பத்திரிக்கு நானூறு விரிப்புகள் போக வேண்டும். முதலாளி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"அந்த ஆளுக்குப் போன் போடுங்க!"

"நம்பர் இல்ல சார்" என்றார் மேடம்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். என் போனில் நம்பர் இருந்தது. எனக்குப் பயந்த சுபாவம். கை தானாகப் பைக்குள் போனது.

"அவங்களைக் கேக்காதீங்க சார். போடக் கூடாதுன்னு சொன்னது நான். ஆர்டர் போச்சுன்னா என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. இப்படி ஒருத்தர் எனக்கு மேலதிகாரியாக வாய்த்ததே இல்லை.

மேடம் ஆஸ்பத்திரிக்குப் பேசி, பாதி நான்கு மணிக்கும் மீதி ஏழு மணிக்கும் என்று கெஞ்சி வாங்கினார். மெஷின் கம்பெனி ஆள் மறுநாள்தான் வருவார். எட்டு இஸ்திரிப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு டிரைவர், கணக்குப் பிள்ளை எல்லோரும் இறங்கினோம். மேடம் தேய்த்த முதல் விரிப்பு கோணல்மாணலாக இருந்தது. நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டு மறுபடி விரித்தார்.

மூன்று மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் மேடம் ஸ்பீக்கரில் போட்டார். பேசியது ரோலர் அண்ணன்.

"மேடம், அஞ்சு நாளா ஒரு போன்கூட வரல. என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களா?"

முதலாளி ஓடி வந்து போன் பக்கத்தில் நின்றார்.

"நான் இல்லாமலே மெஷின் ஓடுதா மேடம்?" குரல் உள்ளே போயிருந்தது.

ஓடுகிறது என்றால் மனுஷன் உடைந்துபோவார். நின்றுவிட்டது என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார், அண்ணியோடு உறவு அதோடு சரி. முதலாளியோ சொல்லுங்க, சொல்லுங்க என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மேடம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க இல்லாம ரொம்பக் கஷ்டமா இருக்கு அண்ணே. தினமும் தேடறோம். உங்க இடம் உங்களுக்குத்தான். ஆனா இந்தப் பத்து நாளும் கஷ்டப்படறது எங்க வேலை, உங்களுது இல்ல. போனை அண்ணிகிட்ட குடுங்க."

அண்ணி வந்தார்.

"அண்ணி, இன்னும் அஞ்சு நாளைக்கு மனுஷன் உங்களுக்குத்தான். போனை ஆஃப் பண்ணிடுங்க."

"நிஜமாவா மேடம்?" என்று மட்டும் கேட்டார் அண்ணி.

கடைசிக் கட்டு ஏழரைக்குப் போய்ச் சேர்ந்ததும், அரை மணி நேரத் தாமதத்துக்கு மேடம் ஆஸ்பத்திரியில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அப்புறம் நடந்தவை. அப்போதைக்கு முதலாளிக்கு மனசு ஆறவில்லை. என் போனைப் பிடுங்கி அவரே நம்பரை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் காதில் வைத்தேன். நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. இந்தப் பதினாறு வருடத்தில் அண்ணனின் போன் அணைந்திருந்தது அன்றைக்குத்தான்.