வெள்ளி முலாம்

பிடுங்கிய ரேடியோ ப்ளக்கை அவர் கண்ணில் படும்படி தூக்கிக் காட்டினாள் அவள்.

"உடனே கை வைக்காத," என்றார் கட்டிலில் கிடந்த கணவர். "பிடுங்கினாலும் உள்ள கரன்ட் கொஞ்ச நேரம் தங்கும். பொறு."

"உங்களோட குடும்பம் நடத்தினவளுக்குப் பொறுமையைச் சொல்லித் தரீங்களாக்கும்."

சிரிக்க அவருக்கு மூச்சு இல்லை. உதடு மட்டும் கோணியது. டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் கப்பல்காரர் ரேடியோவில் வரும்போது தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு காலத்தில் கப்பலில் ரேடியோ வேலை பார்த்தவர் அந்தச் சிநேகிதர். இருவரும் முகம் பார்த்ததில்லை. இந்த ரேடியோப் பெட்டி வழியாகப் பேசாத சாயங்காலமும் இல்லை. "சக்களத்தியோட பேசி முடிச்சாச்சா?" என்று இவள் அடுப்படியிலிருந்து கேட்பது கப்பல்காரர் காதிலும் விழும், அங்கே சிரிப்பார். இப்போது ஒரு வாரமாகப் பெட்டியில் வெறும் கரகரப்புதான். உள்ளே சுவிட்சின் வெள்ளி முலாம் பூசிய தகடுகள் கறுத்துப் போயிருந்தன.

அந்தப் பெட்டியைத் தொட இவளுக்கு இதுவரை அனுமதி கிடையாது. கல்யாணமான புதிதில், அதில் கறுத்துக் கிடந்த கம்பிச் சுருள் ஒன்றைப் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து வைத்தாள். வெள்ளி முலாம் போய்ச் செம்பு இளித்தது. அவர் திட்டவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று இவளுக்கு இன்றும் தோன்றும்.

"ஜன்னலைத் திற. அடுப்பு அணைஞ்சிருக்கா? ஸ்பிரிட் பத்திக்கும்."

"அணைச்சாச்சு."

"துணியில ரெண்டு சொட்டு விடு. தேய்க்காத, துடை. கொழந்தை மூஞ்சியைத் துடைக்கிற மாதிரி. கறுப்பு முழுசாப் போக வேணாம். தொடுற இடம் சுத்தமானா போதும்."

முதல் தகட்டைத் துடைத்தாள். துணியில் கறுப்பு இறங்கியது.

"இது போதுமா?"

"ம்."

"இது?"

"ம்."

"இது போதுமாங்க?"

பதில் வரவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பவில்லை. மிச்சமிருந்த தகட்டையும் அழுத்தாமல் துடைத்து முடித்தாள். பிறகுதான் கட்டிலருகே போய் அவர் கண்களை மூடினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. கப்பல்காரர் வரும் நேரம். சொல்லிக்கொள்ளாமல் போனார் என்று இருக்கக் கூடாது. ஸ்பிரிட் காய்ந்ததா என்று பார்த்தாள். மூடியை முடுக்கி, ப்ளக்கைச் செருகினாள்.

"டேய், இருக்கியா?" அடுத்த அறையிலிருந்து கேட்பது போல் இருந்தது குரல்.

மைக்கின் பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும். அவர் செய்வதைப் பார்த்திருக்கிறாள். அழுத்தினாள்.

"நான்தாண்ணே. சக்களத்தி பேசறேன்."

கப்பல்காரர் குலுங்கிச் சிரித்தார். "அடடே, தங்கச்சியா? கணீர்னு கேக்குதே. யாரு சுத்தம் பண்ணினது?"

"நான்தான்."

"முலாம் போகலையே?"

"போகலண்ணே."

"கெட்டிக்காரி. சரி, அவனைப் பேசச் சொல்லு."

கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"போயிட்டு வரேன்னு உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தாருண்ணே."

கறுப்பு ஒட்டிய விரலை எடுத்தால்தான் கப்பல்காரரின் குரல் வரும். அவள் எடுக்கவில்லை.